பனிப் பாட்டும் வெயில் ஊரும்

டிசம்பர் மாதம் நம் நாட்டில் எந்தப் பேரங்காடிக்குள் நுழைந்தாலும், எந்தக் கேளிக்கைப் பூங்காவில் டிக்கெட் எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது பனிமனிதன்தான். காதில் விழுவதும் பனியைப் பற்றிய பாட்டுத்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். "நமக்கும் பனிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. வானொலி அறிவிப்பாளராக ஒவ்வொரு டிசம்பரும் இந்தப் பாடல்களை ஒலியேற்றுவது என் வேலை. அதனால் பதில் சொல்லும் கடமையும் எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. பாடல்களின் பின்கதையைத் தேடிப் போனால் வேடிக்கையான ஓர் உண்மை கிடைக்கிறது. உலகம் முழுக்க ஒலிக்கும் பனிப் பாடல்களில் பல, நம்மைப் போல் வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தவர்களின் கையில் பிறந்தவை.

வியர்வையில் பிறந்த பாடல்கள்

'லெட் இட் ஸ்நோ' பாட்டை எழுதியவர்கள் சாமி கான், ஜூலி ஸ்டைன் இருவரும். 1945 ஜூலை மாதம், ஹாலிவுட்டில், அனல் தாங்க முடியாத ஒரு நாளில் எழுதினார்கள். அதே கோடையில், அதே கலிஃபோர்னியாவில், பாப் வெல்ஸ் என்பவர் உடல் சூட்டை மறப்பதற்காகக் குளிர்காலத்து நினைவுகளை ஒரு தாளில் குறித்து வைத்தார். அதைப் பார்த்த மெல் டார்மே அவருடன் உட்கார்ந்து பாட்டாக்கினார். நாட் கிங் கோல் குரலில் நாம் இன்றும் கேட்கும் 'தி கிறிஸ்துமஸ் சாங்' அப்படி வந்ததுதான்.

'ஒயிட் கிறிஸ்துமஸ்' கதையும் இதே போலத்தான். அதை எழுதிய இர்விங் பெர்லின் ரஷ்யாவிலிருந்து சிறுவனாக அமெரிக்காவுக்குக் கப்பலேறிய யூதர். அந்தப் பாட்டின் தொடக்க வரிகளை இன்று பலரும் பாடுவதில்லை. வெயிலும் பனைமரமும் நிறைந்த ஊரில் உட்கார்ந்து வடக்கே இருக்கும் குளிரை ஒருவர் ஏங்கி நினைப்பதாக அவை இருக்கும். பிங் கிராஸ்பி அதை முதன்முதலில் பாடியது 1941 டிசம்பர் 25 அன்று, வானொலியில். இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தது 1942 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸில். ஐந்து கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்று கின்னஸ் கணக்குச் சொல்கிறது.

ராக் பக்கம் வருவோம். ஸ்லேட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'மெர்ரி எக்ஸ்மஸ் எவ்ரிபடி' 1973ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க் வெக்கையில் பதிவானது. வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' 1984 ஆகஸ்டில் லண்டனில் பதிவானது. அந்த மனநிலை வர வேண்டும் என்பதற்காக ஒலிப்பதிவுக் கூடத்தில் கிறிஸ்துமஸ் தோரணங்களைக் கட்டினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1994 ஆகஸ்டில், மரியா கேரியும் அதே போல் அலங்கரித்த கூடத்தில்தான் 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ' பாடினார்.

வெயிலில் தோரணம் கட்டிப் பனியை வரவழைத்தவர்கள் இவர்கள். சுங்கை பட்டாணிப் பேரங்காடியில் பஞ்சை ஒட்டிப் பனி என்று சொல்லும் நாமும் அதையேதான் செய்கிறோம். ஆகவே 'நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்' என்ற கேள்விக்கு என் பதில்: அவர்களுக்கு இருந்த சம்பந்தம்தான் நமக்கும்.

பூங்காவுக்கு வந்த கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் அலங்காரம் கேளிக்கைப் பூங்காக்களுக்கு வந்தது பிற்காலத்தில்தான் என்று பலர் நினைக்கலாம். ஆனால் டிஸ்னிலாந்து திறந்தது 1955இல். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1946 ஆகஸ்டில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 'சாண்டா கிளாஸ் லேண்ட்' திறந்துவிட்டது. ஊரின் பெயரே சாண்டா கிளாஸ். ஒரே கருப்பொருளை வைத்து எழுந்த பூங்காக்களில் மூத்தவற்றுள் அதுவும் ஒன்று. இன்று 'ஹாலிடே வேர்ல்ட்' என்ற பெயரில் நடக்கிறது.

மரத்தில் மின்விளக்கு ஏற்றும் வழக்கம் அதைவிடப் பழையது. எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882இல் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 குட்டி பல்புகளைக் கட்டி எரியவிட்டார். அதுவரை மெழுகுவத்திதான்.

நம் நாட்டில் இதற்கு ஏற்ற இடம் கெந்திங் மலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். மூடுபனி தானாகவே வந்து மரத்தைச் சுற்றி நிற்கும். காசு கொடுத்துச் செயற்கைப் பனி தெளிக்கத் தேவையில்லை. அங்கே பழைய வெளிப்புறப் பூங்காவை 2013இல் மூடிவிட்டு, புதிய 'ஸ்கைவேர்ல்ட்ஸ்' பூங்காவை 2022 பிப்ரவரியில் திறந்தார்கள். பழைய ஈயக் குட்டையில் 1993இல் எழுந்த சன்வே லகூன், ஜொகூரில் 2012இல் வந்த லெகோலாண்ட், பினாங்கு தெலுக் பகாங்கின் எஸ்கேப் என்று குடும்பத்தோடு போக இன்னும் இடங்கள் இருக்கின்றன. நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் ஒன்றாகவே வரும். இரவோடு இரவாக வேன் பிடித்து மலையேறுவது அப்போதைய பெருங்கனவு.

விளக்கைக் கட்டும் கை

நாம் பூங்காவில் இருப்பது ஒரு பகல். அந்த அலங்காரத்தைக் கட்டுகிறவர்களுக்கு அது இரண்டு மாதம்.

என் அண்ணன் அந்த வேலையைத்தான் செய்கிறார். பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் சில காலம் ஷிப்ட் வேலை பார்த்தார். அது நின்ற பிறகு, அலங்கார வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் ஒருவரிடம் சேர்ந்தார். நவம்பர் தொடங்கியதும் அவரும் நண்பர்களும் லாரி ஏறிவிடுவார்கள். வேலை தொடங்குவது பூங்கா சாத்திய பிறகு. கூடை வைத்த தூக்கி லாரியில் ஏறி, இடுப்பில் பாதுகாப்புக் கயிறு மாட்டி, விடியும் வரை விளக்குச் சரம் கட்டுவார்கள். மழை பெய்தால் இறங்க வேண்டும். நின்றதும் ஏற வேண்டும். வெயிலுக்குப் பசை இளகி நட்சத்திரம் விழுந்தால் பகலிலும் கூப்பிடுவார்கள்.

பகலில் இன்னொரு சோதனை உண்டு. பாட்டு! பூங்காக்களில் ஒலிக்கும் பாடல்கள் ஒரு பட்டியலாகச் சுற்றிச் சுற்றி வரும். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும் விருந்தாளிக்கு ஒரு பாட்டு ஒரு தடவைதான் காதில் விழும். அங்கேயே நிற்கும் தொழிலாளிக்கு அதே பாட்டு ஒரு நாளில் ஏழெட்டு முறை. போன ஆண்டு வீட்டுக்கு வந்த அண்ணன், நான் ஆசையாக 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' போட்டதும், "பாப்பா, அந்தப் பாட்ட மட்டும் அடைச்சிரு. புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டார். நான் பிழைக்கும் பாட்டு அவரைப் படுத்தியெடுத்த பாட்டு.

அதைவிட அம்மாவைப் படுத்திய செய்தி வேறு. போன கிறிஸ்துமஸ் அன்று அண்ணன் வேலையில் இருந்தார். அம்மா சமைத்து வைத்த கோழிக் கறி மறுநாள் சூடு காட்டித்தான் அவர் தட்டுக்கு வந்தது. அன்றைய சம்பளம் 80 வெள்ளி, சாதாரண நாள் கணக்கு. கேட்டதற்கு, "கிறிஸ்துமஸ் நம்ம லீவு லிஸ்ட்ல இல்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். எந்த லிஸ்ட்டையும் யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

லிஸ்ட்டில் எது இருக்கிறது?

இதை நான் இங்கே எழுதக் காரணம், நம் இளைஞர்கள் பலருக்கு இந்த விவரம் தெரியாததுதான். டிசம்பர் 25 பொது விடுமுறைதான். ஆனாலும் ஒரு தனியார் முதலாளி அதைச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60D பிரிவு சொல்வது இது: ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு வேண்டும். அதில் ஐந்து கட்டாயம். தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறையும் முதலாளி தேர்ந்தெடுக்கலாம். தீபாவளியும் கிறிஸ்துமஸும் அந்த ஆறுக்குள்தான் வர வேண்டும்.

ஆனால் தேர்ந்தெடுத்த ஆறு எவை என்பதை, ஆண்டு பிறக்கும் முன்பே, எல்லார் கண்ணிலும் படும்படி வேலையிடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு நாளுக்குப் பதில் இன்னொரு நாளை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

லிஸ்ட்டில் உள்ள விடுமுறையில் வேலைக்குக் கூப்பிட்டால் என்ன கணக்கு? விடுமுறைச் சம்பளம் ஒரு நாள். அதற்கு மேல் இரண்டு நாள் சம்பளம். 80 வெள்ளிக்காரருக்கு மொத்தம் 240 வெள்ளி. இந்தக் கூடுதல் கணக்கு மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குவோருக்கு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் கடிதமும் சம்பளச் சீட்டும் கையில் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் பேசுவது எளிது. 'குத்தகை வேலைதானே, கடிதம் எதற்கு' என்று சொல்லும் இடத்தில் இன்னும் ஒரு தடவை யோசியுங்கள்.

தொழிற்சாலைகளும் ஷிப்டுகளும் நிறைந்த ஊர் எங்களுடையது. பண்டிகை நாளில் வேலைக்குப் போவது இங்கே புதிதல்ல. போவதா வேண்டாமா என்பதைத் தெரிந்து முடிவெடுப்பதுதான் முக்கியம்.

அப்பாவின் கேசட்

பாக்கார் ஆராங் தாமான் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் பீடோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். லயத்தில் பாதிக்குப் பாதி இந்துக்கள். கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் எங்கள் வீட்டில் பசியாறுவார்கள். தீபாவளிக்கு நாங்கள் அவர்கள் வீட்டில். அன்று அப்பாவின் ஒலிநாடாப் பெட்டியில் பாடும் கேசட் ஒன்றே ஒன்று. போனி எம் குழுவினர் 1981இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பு.

அதில் வரும் 'மேரிஸ் பாய் சைல்ட்' 1978இல் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரத்து முதலிடம் பிடித்த பாட்டு. அதை முதலில் 1956இல் எழுதியவர் ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் என்ற கறுப்பின அமெரிக்கர். போனி எம் ஜெர்மனியில் உருவான குழு. ஆனால் மேடையில் நின்ற நால்வரும் கரீபியன் தீவுகளில் பிறந்தவர்கள். இருவர் ஜமைக்கா, ஒருவர் மொன்செராட், ஒருவர் அருபா. ஜமைக்காவும் மொன்செராட்டும் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் போன தீவுகள். ரப்பர்த் தோட்டத்து அப்பாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அந்தத் தாளம் மட்டும் சட்டென்று ஒட்டிக்கொண்டது. மேளம் போல இருக்கிறது என்பார்.

தோட்டம் கைமாறியபோது லயத்துக் குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போய்விட்டன. வீடு வீடாகக் கேரல் பாடப் போன கூட்டமும் குறைந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பூங்கா மரத்தின் முன்னால் படம் எடுக்கத் தெரிகிறது. அண்டை வீட்டில் யார் கிறிஸ்தவர் என்று தெரிவதில்லை. பூங்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கே டிக்கெட் எடுத்துப் பார்ப்பதில் பாதியை நம் தாமானில் இலவசமாகச் செய்யலாம். ஒரு விளக்குச் சரம், எல்லாருக்கும் தெரிந்த நான்கு பாட்டு, அதில் இரண்டாவது தமிழில், ஒரு தட்டு முறுக்கு. அழைக்க வேண்டியவர்களை அழைத்தால் போதும்.

இந்த ஆண்டு அண்ணன் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் லிஸ்ட்டைக் கேட்டார். கூட இருந்தவர்களும் கேட்டார்கள். 25ஆம் தேதி அதில் ஏறியது. 240 வெள்ளிக்கு அன்று மாலை மூன்று மணி வரை வேலை செய்வதாக அவரே ஒத்துக்கொண்டார். அம்மா பகல் சாப்பாட்டை இரவுக்கு மாற்றிவிட்டார். அண்டை வீட்டு அக்காவிடமும் எதிர்வீட்டு மாமாவிடமும் எட்டு மணிக்கு வரச் சொல்லியாயிற்று.

பாட்டுப் பொறுப்பு என்னுடையது. அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: போனி எம் தவிர வேறு எந்த ஆங்கிலப் பாட்டும் கூடாது.