நூல் பிடிச்சா வடதுருவம்!

சிங்கப்பூரில் ஏறினால் நடுவில் எங்கேயும் இறங்காமல் ஒரே மூச்சில் நியூயார்க் போகிற விமானம் ஒன்று இருக்கிறது. சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வரை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதை 2020 நவம்பரில் தொடங்கியபோது உலகிலேயே நீளமான பயணிகள் விமானப் பாதை இதுதான். பயணம் 18 மணி நேரத்துக்கும் மேலே!

சரி, எந்த வழியா போகும்? நம்ம வகுப்புச் சுவரில் தொங்குகிற உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். கோடு இலங்கை மேலே போய், ஆப்பிரிக்காவைத் தாண்டி, அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூயார்க்கைத் தொட்டது. இதுதான் குறுக்கு வழின்னு தோணும். ஆனா பூகோள உருண்டையில் அதே இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க. நூல் ஆப்பிரிக்கா பக்கமே போகாது. நேரே மேலே ஏறி, வடதுருவத்தை ஒட்டி அந்தப் பக்கம் இறங்கும்!

காரணம் இதுதான். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் 74 டிகிரி மேற்கு. கூட்டினால் 178. அதாவது உருண்டையின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். கணக்கும் சுலபம். சிங்கப்பூர் 1 டிகிரி வடக்கில் இருப்பதால் துருவத்துக்கு 89 டிகிரி. அங்கிருந்து 41 டிகிரியில் உள்ள நியூயார்க்குக்கு 49 டிகிரி. மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்றால் 15,318 கி.மீ. சரியான தூரம் சுமார் 15,340. நம்ம பெருக்கல் எவ்வளவு கிட்ட வந்துடுச்சு பாத்தீங்களா!

ஸ்கேல் கோட்டு வழியிலோ சுமார் 18,500 கி.மீ. ஆகும். கூடுதலா 3,000 கி.மீ.தானேன்னு விட முடியாது. இதில் ஓடும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். 12,000 லிட்டர் தண்ணி லாரி 14 நிற்கிற மாதிரி. அப்படியும் அதால் அதிகபட்சம் 18,000 கி.மீ.தான் பறக்க முடியும். ஸ்கேலை நம்பிப் போனால் நியூயார்க் வருவதற்குள் கடல் மேலேயே எரிபொருள் தீர்ந்துடும். எடை கூடக்கூடாதுன்னுதான் உள்ளே 161 இருக்கைகள் மட்டும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் விமானி தினமும் நூல் வழியே போவதில்லை. ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று வீசுகிறது. அது முதுகில் தள்ளினால் நேரம் மிச்சம். அதனால் போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழியாகக் கிழக்கே போகும். திரும்பும்போது பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கே! போய்த் திரும்பினால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாச்சு.

கடிகாரம்தான் இன்னும் வேடிக்கை. கோடைக்காலத்தில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். பயணம் பதினெட்டரை மணி என்று வையுங்கள். திங்கள் மதியம் 12-க்கு சிங்கப்பூரில் கிளம்பினால், அங்கே போய் இறங்கும்போது அதே திங்கள் சாயங்காலம் 6.30. திரும்பி வரும்போது அதே மதியம் 12-க்குக் கிளம்பினால் வந்து சேர்வது மறுநாள் சாயங்காலம் 6.30!