"வாருங்கள்" என்றால் மட்டும் போதுமா?

வேலையிடத்தில் நடைக்குழுவோ உடற்பயிற்சி வகுப்போ தொடங்கினால், முதலில் வருபவர்கள் ஏற்கெனவே பயிற்சி செய்பவர்கள்தான். வரவேண்டியவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். "நாள் முழுக்க நின்றுதானே வேலை செய்கிறேன்" என்பார்கள். நிற்பது வேறு, இதயத் துடிப்பு கூடும்படி நடப்பது வேறு.

அவர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள், குறிப்பாக நம்மவர்களை. தெற்காசியர்களுக்கு நீரிழிவு நோய் இளவயதிலேயே, உடல் அதிகம் பருமனாகாத நிலையிலும் வருகிறது.

மறுப்புக்குக் காரணம் பல வேளைகளில் சோம்பல் அல்ல, கூச்சம். பிறர் முன்னால் மூச்சு வாங்குமே என்ற தயக்கம். ஆகவே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதைவிட, ஒருவரைத் தனியே கூப்பிடுங்கள். "மத்தியானம் பத்து நிமிடம் நடந்துவிட்டு வருவோமா?" என்று கேளுங்கள். போட்டிருக்கும் உடுப்போடு வரலாம். அவரால் முடிந்த வேகத்தில் தொடங்குங்கள். நாளடைவில், பேச முடிந்து பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அதுவே போதிய வேகம். வண்டியைப் பற்றிய கேலி மட்டும் வேண்டவே வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி தேவை. ஐந்து வேலைநாட்களிலும் 15 நிமிடம் விறுவிறுப்பாக நடந்தாலே அதில் பாதி முடிந்துவிடும்.

இதய நோய் உள்ளவர்களும் இன்சுலின் எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஒருவர் வராத நாளில் காரணம் கேட்டுக் குடையாதீர்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இடையில் நின்றவர் கூசாமல் திரும்பி வர அந்த ஒரு சொல் போதும்.