காரீயம் உள்ளே, பெண்கள் வெளியே

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்று ஓர் ஊர். அங்கிருந்த அமெரிக்கன் சயனமிட் ஆலை 1978-இல் தன் பெண் தொழிலாளர்களிடம் ஒரு சேதி சொன்னது. நிறமிப் பிரிவில் காரீயம் புழங்குகிறது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. 16 முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்கு இனி அங்கே வேலை இல்லை. கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் மட்டும் இருக்கலாம்.

ஐந்து பெண்கள் செய்துகொண்டார்கள். மறுத்த இருவருக்குத் துப்புரவு வேலை, குறைந்த கூலி. 1980-இல் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அறுவையை மாற்ற முடியுமா? அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறை போட்ட அபராதமும் நிலைக்கவில்லை. அந்த நிபந்தனை சட்டம் சொல்லும் 'ஆபத்து' ஆகாது என்று 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அதே காலத்தில் அறுவை அரங்குகளில் மயக்க வாயுவைச் சுவாசித்தபடி நின்ற செவிலியர்களை வெளியே அனுப்ப மருத்துவமனைகள் இப்படி அவசரப்படவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அங்கே வேலை ஓடாதே!

அப்போது பேட்டரி செய்துவந்த ஜான்சன் கன்ட்ரோல்ஸ் 1982-இல் இதே வழியில் போனது. பிள்ளை பெற முடியாது என்று மருத்துவச் சான்று காட்டாத பெண்ணுக்குக் காரீய வேலை கிடையாது. விவாகரத்தான 50 வயதுப் பெண் ஒருவரைக்கூட வேறு வேலைக்கு மாற்றினார்கள்; அவருக்குச் சம்பளம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், காரீயம் விந்தணுவையும் கெடுக்கும். அப்பாவாக ஆசைப்படுகிறேன், ரத்தத்தில் காரீயம் இறங்கும்வரை விடுப்பு வேண்டும் என்று கேட்ட ஆண் தொழிலாளிக்கு அது மறுக்கப்பட்டது. 1991 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையைச் செல்லாதென்றது. பிறக்கப்போகும் பிள்ளையின் நலத்தைப் பெற்றோர் முடிவு செய்துகொள்வார்கள், அது முதலாளியின் வேலையல்ல என்று எழுதினார் நீதிபதி ஹாரி பிளாக்மன்.

இன்று எந்த ஆலையும் அங்கே அப்படிச் சான்று கேட்க முடியாது. கர்ப்பிணிகளுக்கு வேலையில் மாற்று ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று 2023 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். காரீயம் வெளியே போயிற்றா?

கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது 1978-இல் மத்திய அரசு போட்ட விதி. இன்றும் அதுதான். பிள்ளை பெற விரும்புகிறவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் காரீயத்தை 30 மைக்ரோகிராமுக்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது என்று அந்த விதியின் பின்னிணைப்பே சொல்கிறது. ஆனால் ஆலைத் தொழிலாளியைக் காரீயத்திடமிருந்து விலக்குவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 60 காட்டினாலோ, சராசரி 50-ஐ எட்டினாலோதான். அதே அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 3.5-ஐத் தொட்டாலே கூடுதல் என்று கணக்கெடுக்கிறது.

கலிபோர்னியா 2025-இல் காற்றுக்கான வரம்பை 10 ஆக இறக்கியிருக்கிறது. எல்லை தாண்டி நெவாடா போனால் பழைய 50தான்.