மூன்று ரிமோட்டுக்குப் பதில் ஒரே ரிமோட்! எதை வாங்குவது?

பிற்பகல் நேரம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். பேரன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். வீட்டில் பாட்டி மட்டும் தனியே உட்கார்ந்திருக்கிறாள்.

எதிரே டெலிவிஷன். மேஜைமீது மூன்று ரிமோட்டுகள்! ஒன்று டி.வி.க்கு. ஒன்று செட்டாப் பாக்சுக்கு. மற்றொன்று ஸ்பீக்கருக்கு.

பாட்டி எதையோ அழுத்துகிறாள். படம் மறைகிறது. திரை நீலமாகிறது. அவ்வளவுதான்! பேரன் வரும்வரை வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பல வீடுகளில் இதே கதைதான். இதற்கு வழி உண்டு. எல்லாவற்றையும் இயக்கும் ஒரே ரிமோட் கடைகளில் கிடைக்கிறது. அதற்கு 'யுனிவர்சல் ரிமோட்' என்று பெயர். ஆனால், விசாரிக்காமல் வாங்கினால் மூன்று ரிமோட் நான்காகிவிடும்!

கண்ணுக்குத் தெரியாத ஒளி

அமெரிக்காவில் 1955-ம் ஆண்டில், ஜெனித் கம்பெனி என்ஜினீயர் யூஜின் பாலி, டார்ச் விளக்குபோல ஒளி வீசி டி.வி.யை இயக்கும் கருவியைச் செய்தார். அதில் ஒரு தொல்லை. வெயில் பட்டாலும் டி.வி. தானாகவே சேனல் மாறியது! அடுத்த ஆண்டே, அதே கம்பெனியின் ராபர்ட் ஆட்லர் உருவாக்கிய ரிமோட் வந்தது. பொத்தானை அழுத்தினால், உள்ளே சிறு சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலி கேட்டு டி.வி. இயங்கும். அதற்கு பேட்டரியே தேவை இல்லை.

இன்றைய ரிமோட்டுகளில் பல, அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்கின்றன. அது கண்ணுக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தியதும் அந்த ஒளி விட்டுவிட்டு மின்னும். அதுதான் ரிமோட்டின் பாஷை. கம்பெனிக்குக் கம்பெனி பாஷை வேறு. யுனிவர்சல் ரிமோட், பல பாஷை பேசும் பன்மொழிப் புலவர்!

மூன்று வகை

முதல் வகையில், பல கம்பெனிகளின் பாஷை முன்பே பதிந்திருக்கும். கூடவே ஒரு சிறு புத்தகம் வரும். டி.வி. கம்பெனியின் பெயருக்கு நேரே உள்ள எண்ணை ரிமோட்டில் அழுத்த வேண்டும். பழைய ரிமோட் தொலைந்துபோன வீட்டுக்கு இதுவே கைகொடுக்கும். ஆனால், செட்டாப் பாக்சின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டாவது, கற்றுக்கொள்ளும் வகை. பழையதையும் புதியதையும் முகத்துக்கு முகம் வைத்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பாடம் சொல்ல வேண்டும். ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், 1987-ல் கொண்டுவந்த 'கோர்' என்ற ரிமோட்டும் இப்படிக் கற்கக்கூடியதுதான். இதற்கு ஒரு நிபந்தனை. வாத்தியார் உயிரோடு இருக்க வேண்டும்! அதாவது, பழைய ரிமோட் கெடுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

மூன்றாவது, செல்போன். சில செல்போன்களில் அகச்சிவப்பு விளக்கு இருக்கிறது. தனிச் செலவு இல்லை. ஆனால், போனை எடுத்துக்கொண்டு மகன் வெளியே போனால், ரிமோட்டும் கூடவே போய்விடும்!

வாங்கும் முன் சோதனை

வாயால் சொன்னாலே சேனல் மாற்றும் புதிய ரிமோட்டுகள் பல, 'புளூடூத்' என்ற ரேடியோ அலையில் இயங்குகின்றன. சாதாரண யுனிவர்சல் ரிமோட்டுக்கு அந்தப் பாஷை தெரியாது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அடுத்த அறைக்குப் போய், சுவருக்குப் பின்னால் நின்று பழைய ரிமோட்டை அழுத்த வேண்டும். அப்போதும் டி.வி. இயங்கினால், அது ரேடியோ அலை. ஒளி சுவரைத் தாண்டாது. சில ரிமோட்டுகள் இரண்டு வேலையும் செய்யும். ஆகவே, எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்ப்பது நல்லது.

பழைய ரிமோட் கெட்டுவிட்டது என்று சந்தேகமா? அதன் முனையை செல்போன் காமிராவுக்குக் காட்டி அழுத்தினால், பல போன்களில் ஒளி தெரியும். தெரியாவிட்டால், முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம். புது ரிமோட்டே தேவைப்படாமல் போகலாம்!

யார் கைக்கு?

பொத்தான் அதிகம் இருந்தால் உயர்ந்தது என்று நினைப்பது தவறு. வீட்டில் யாருக்குக் கண் மங்கலோ, யாருக்கு விரல் நடுங்குகிறதோ, அவர் கையில் கொடுத்துப் பார்த்து வாங்க வேண்டும். பொத்தான் பெரிதாக இருக்கட்டும். எழுத்து பளிச்சென்று தெரியட்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. சில சிறிய ரிமோட்டுகளில் காசுபோன்ற வட்ட பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக் குழாய் வெந்துவிடக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த வகையைத் தவிர்ப்பதே நல்லது.

அப்படியானால், பாட்டிக்கு ஏற்றது எது? பெரிய பொத்தான்கள் உள்ள, கற்றுக்கொள்ளும் ரிமோட்தான். சேனல் பொத்தானுக்கு செட்டாப் பாக்சின் பாடம். சத்தப் பொத்தானுக்கு டி.வி.யின் பாடம். மற்ற ரிமோட்டுகள் அலமாரிக்குள் போகட்டும்.

பேரன் ஒரு மாலை வேளை ஒதுக்கினால் போதும். முதலில் ரிமோட்டுக்குப் பாடம். பிறகு பாட்டிக்குப் பாடம். மறுநாள் பிற்பகல், பாட்டி யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை!