வீட்டு இணையத்தில் நெரிசல் எங்கே?

இணையம் மெதுவாக இருந்தால் அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறுவதே பல குடும்பங்கள் எடுக்கும் முதல் முடிவு. மாதக் கட்டணம் கூடுகிறது. ஆனால் பிள்ளையின் இணைய வகுப்பில் ஆசிரியரின் முகம் உறைந்து நிற்பது மட்டும் மாறுவதில்லை. பல வேளைகளில் நெரிசல் வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

வீட்டுக்குள் தகவலைக் கொண்டுசேர்க்க ஹப், சுவிட்ச், ரவுட்டர் என மூவகைக் கருவிகள் உண்டு. அடுக்குமாடி புளோக்கை நினைத்துப் பார்த்தால் இவற்றின் வேறுபாடு எளிதில் விளங்கும்.

வெற்றுத்தளத்தில் நின்று ஒருவரின் கடிதத்தை ஊரறியப் படிப்பவரைப் போன்றது ஹப். ஒரு கணினி அனுப்புவதை இணைந்துள்ள எல்லாக் கணினிகளுக்கும் அது அனுப்பிவிடும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் தகவல்கள் மோதிச் சிதையும். மறுபடியும் அனுப்ப வேண்டிவரும்.

சுவிட்ச், வீட்டு எண் அறிந்த அஞ்சல்காரர். ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரி ஒன்று உண்டு. எந்த முகவரி எந்தக் கம்பியின் முனையில் இருக்கிறது என்பதை சுவிட்ச் தானே கற்று, உரியவருக்கு மட்டும் தகவலைச் சேர்க்கும். இத்தகைய சுவிட்சை 1990ல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ‘கல்பனா’ நிறுவனம். அதன் நிறுவனர்களுள் ஒருவரான இந்திய வம்சாவளியினர் வினோத் பரத்வாஜ், தம் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார்.

ரவுட்டர், புளோக்கின் வாசல் காவலர். வெளியுலகுக்கு வீடு முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே முகவரிதான். எந்தக் கைப்பேசி எந்தப் பக்கத்தைக் கேட்டது என்பதை ரவுட்டர் குறித்து வைத்து, பதில் வந்ததும் அதனிடமே ஒப்படைக்கிறது.

இன்று ரவுட்டர், சுவிட்ச், கம்பியில்லா இணைப்பு ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. ஹப் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அதன் குணம் கம்பியில்லா இணைப்பில் தொடர்கிறது. கடவுச்சொல்லும் மறையாக்கமும் இரகசியத்தைக் காத்தாலும், எல்லாக் கருவிகளும் ஒரே காற்றலையைத்தான் பகிர்கின்றன. பொதுவாக ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். கடைசி அறையில் அலை பலவீனமாகக் கிடைக்கும் கருவி, தகவல் அனுப்ப அதிக நேரம் எடுத்துக்கொண்டு மற்றவற்றையும் காக்க வைக்கும்.

ஆகவே, இடம் மாறாத தொலைக்காட்சியையும் மேசைக் கணினியையும் கம்பியில் இணைப்பது நல்லது. அந்த அளவுக்குக் காற்றலை கைப்பேசிகளுக்கு மிச்சமாகும். பழைய சுவிட்சையும் கம்பியையும் சோதிப்பதும் அவசியம். 100 மெகாபிட் வேகமே தாங்கும் சுவிட்ச் வழியில் இருந்தால், 1,000 மெகாபிட்டுக்குக் கட்டணம் செலுத்தியும் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

கணினியை ரவுட்டரில் நேரடியாகக் கம்பியால் இணைத்து வேகத்தை அளந்து பார்க்கலாம். அங்கே வேகம் சரியாக இருந்தால் குறை வீட்டுக்குள்தான். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்தால், வீண் செலவைத் தவிர்க்கலாம்.