முதன்முறையாக மூக்குக்கண்ணாடி அணிவோர் அறிய வேண்டியவை

மருத்துவர் பரிந்துரைத்த மூக்குக்கண்ணாடியை அணிந்தவுடன் பார்வை முற்றிலும் சீராகிவிடும் என்றே பலரும் எதிர்பார்க்கின்றனர். எழுத்துகள் தெளிவாகத்தான் தெரிகின்றன. ஆயினும் தரை சற்றுச் சரிந்திருப்பதுபோலத் தோன்றுகிறது; படியில் கால் வைக்கும்போது ஆழம் பிடிபடுவதில்லை; தலையைத் திருப்பினால் சுற்றியுள்ளவை மிதக்கின்றன; மாலையில் தலைவலியும் வருகிறது. இதனால் கண்ணாடியைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துவிடுவோர் உண்டு. இத்தொல்லைகளுள் பெரும்பாலானவை தொடர்ந்து அணிவதாலேயே நீங்கக்கூடியவை. வேறு சில, எவ்வளவு நாள் பொறுத்தாலும் நீங்கா. அவற்றுக்குக் கண்ணாடியைத்தான் திருத்த வேண்டும்.

தடுமாற்றம் ஏன் ஏற்படுகிறது?

கிட்டப்பார்வைக்குத் தரப்படும் மைனஸ் வில்லை பொருள்களைச் சற்றுச் சிறிதாகக் காட்டும். தூரப்பார்வைக்கான பிளஸ் வில்லை சற்றுப் பெரிதாகக் காட்டும். பார்வைச் சிதறல் குறைபாட்டுக்கான சிலிண்டர் வில்லை, உருவத்தை ஒரு திசையில் மட்டும் கூட்டியோ குறைத்தோ காட்டும். நேரான கதவு சாய்ந்ததுபோலவும், சமமான தரை சரிந்ததுபோலவும் தோன்றுவது இதனால்தான். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குத் தொடக்கத் தடுமாற்றம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

மிதப்பதுபோன்ற உணர்வுக்குக் காரணம் வேறு. நாம் தலையை வலப்புறம் திருப்பும்போது, கண்கள் ஏறத்தாழ அதே அளவு இடப்புறம் நகர்ந்து காட்சியை நிலைநிறுத்துகின்றன. உள்காதிலுள்ள சமநிலை உறுப்பின் துணையோடு, நாம் அறியாமலேயே இது நடைபெறுகிறது. வில்லை காட்சியின் அளவை மாற்றியதும், பல ஆண்டுகளாகப் பழகிய இக்கணக்கு பொருந்தாமற்போகிறது. மூளை புதிய கணக்கைக் கற்றாக வேண்டும். கண்ணாடியுடன் நடமாடி, தலையை அசைத்துப் பார்த்தால்தான் அது கற்கும். தொலைக்காட்சியின் முன் அமரும்போது மட்டும் அணிந்து மற்ற நேரங்களில் கழற்றி வைப்பவருக்குத் தடுமாற்றம் நீடிப்பதில் வியப்பில்லை.

இவ்வகையில் மூளையின் திறன் பெரிது. ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர், காட்சியைத் தலைகீழாக்கும் வில்லையை 1890-களில் தாமே சில நாள்கள் அணிந்து சோதித்தார். அதற்குள்ளாகவே அவருடைய தடுமாற்றம் வெகுவாகக் குறைந்தது. அதனுடன் ஒப்பிட்டால் நம் கண்ணாடி மூளைக்குத் தரும் வேலை சிறிது.

பழகும் நாள்களில்

தொடர்ந்து அணிய வேண்டிய கண்ணாடி எனில், காலையில் எழுந்ததும் அணிந்துகொள்வது நல்லது. பெரும்பாலானோருக்குச் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் பழகிவிடும். ஓரத்தில் உள்ளவற்றைக் கடைக்கண்ணால் பாராமல், தலையைத் திருப்பி வில்லையின் நடுப்பகுதி வழியாகப் பாருங்கள். தடுமாற்றம் தீரும்வரை வாகனம் ஓட்டுவதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

“கண்ணாடியைக் கழற்றினால் முன்னைவிட மங்கலாகத் தெரிகிறது, கண் கெட்டுவிட்டதோ?” என்ற அச்சம் இயல்பானது. கண் கெடவில்லை. முன்பு ஒப்பிட்டுப் பார்க்கத் தெளிவான காட்சி இல்லை, இப்போது இருக்கிறது. கண்ணாடியைக் குறைவாக அணிந்தாலோ, குறைந்த பவரில் அணிந்தாலோ கண் வலுப்பெறும் என்ற கருத்துக்கும் ஆதாரம் இல்லை. மலேசியாவில் கிட்டப்பார்வை உடைய 94 சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், வேண்டுமென்றே பவர் குறைத்துத் தரப்பட்டவர்களுக்குக் குறைபாடு சற்று விரைவாகவே கூடியது.

வாசிப்புக்கு மட்டும் தரப்படும் வெள்ளெழுத்துக் கண்ணாடியின் நிலை வேறு. அதை அணிந்து தொலைவில் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். அதனுடன் நடக்கப் பழகவேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு

பெரியவர் கண்ணாடியைத் தள்ளிப்போட்டால் இழப்பது தெளிவை. பின்னர் அணிந்தாலும் அது கிடைக்கும். குழந்தையின் நிலை அவ்வாறன்று. ஏறத்தாழ 7, 8 வயதுவரை மூளையின் பார்வைப் பகுதி வளர்ந்துகொண்டிருக்கிறது. அக்காலத்தில் தெளிவான உருவம் கிட்டாத கண்ணை மூளை புறக்கணிக்கத் தொடங்கும். இதுவே சோம்பேறிக் கண் எனப்படுகிறது. காலம் கடந்தபின் சரியான கண்ணாடி அணிவித்தாலும் அக்கண்ணில் முழுப் பார்வை கிட்டாமற்போகலாம்.

பெற்றோரைக் குழப்பும் இரண்டு செய்திகளை இங்கே கூற வேண்டும். தூரப்பார்வை உள்ள குழந்தை, விழியின் குவியத் தசையை ஓயாமல் இறுக்கியே இதுவரை பார்த்து வந்திருக்கும். சொட்டு மருந்து இட்டுச் சோதித்துத் தந்த பிளஸ் கண்ணாடியை அணிந்ததும் அத்தசை உடனே தளராது. எனவே, “கண்ணாடி இல்லாமலே நன்றாகத் தெரிகிறது” என்று குழந்தை சொல்லலாம். அது பொய்யன்று, பவர் தவறு என்பதற்குச் சான்றும் அன்று. தொடர்ந்து அணியச் சில வாரங்களில் தசை தளர்ந்து பார்வை தெளியும். மற்றொன்று மாறுகண். கண்ணாடி அணிந்திருக்கையில் நேராக நிற்கும் கண், கழற்றியதும் முன்னைவிடக் கூடுதலாக உள்நோக்கித் திரும்புவதுபோலத் தோன்றலாம். கண்ணாடிதான் மாறுகண்ணை வளர்த்தது என எண்ணி அதை நிறுத்திவிடுவது, குழந்தைக்கு உதவும் ஒன்றையே பறிப்பதாகும்.

குழந்தை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால், சட்டம் மூக்கில் வழிகிறதா எனப் பாருங்கள். பள்ளிக்குக் கண்ணாடி அணிந்து செல்கிறதா, கேலிக்கு அஞ்சிப் புத்தகப்பையில் ஒளிக்கிறதா என்பதையும் ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். 1976-இல் தொடங்கப்பட்ட தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தின்கீழ், பார்வைக் குறைபாடு கண்டறியப்படும் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கப்படுகிறது.

முதியோருக்கு

இருகுவியக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி, கையில் பிடித்துப் படிக்கும் தொலைவுக்கு உரியது. காலடியிலுள்ள படியோ அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு தள்ளி உள்ளது. கண்ணை மட்டும் தாழ்த்தினால் படி மங்கலாகவும் இடம் மாறியும் தெரியும், கால் தவறும். படி இறங்குகையில் முகவாயைத் தாழ்த்தி, மேற்பகுதி வழியாகப் பார்த்துக் கைப்பிடியைப் பற்றி இறங்க வேண்டும். மூத்தோருடன் வீட்டில் இருப்போர் முதல் சில நாள்கள் உடன் நடப்பது நன்று.

பழக்கம் எனப் பொறுக்கக் கூடாதவை

இரண்டு வாரங்களுக்குப் பின்னும் தலைவலியோ தலைசுற்றலோ தொடர்ந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கையில் ஒரு கண்ணில் மட்டும் மங்கினால், தலையைச் சாய்த்தால்தான் தெளிவு கிடைத்தால், கண்ணாடியையும் பரிந்துரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு பரிசோதித்தவரிடமே செல்லுங்கள். வில்லையின் மையம் கருவிழியின் நேரே அமையாதது, சிலிண்டர் கோணம் பிசகியது, சட்டம் வளைந்தது ஆகியவை கருவியால் எளிதில் அளந்தறியத் தக்கவை. வாங்கிய கடையிலேயே இவற்றைத் திருத்தித் தரக் கேட்கலாம்.

திடீரெனப் பார்வை குறைதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், மின்னல் போன்ற ஒளி, திரளாகக் கரும்புள்ளிகள், பார்வையின் ஒரு பகுதியில் திரை விழுந்ததுபோன்ற மறைப்பு, வாந்தியுடன் கூடிய கடும் கண்வலி ஆகியவற்றுக்கும் புதிய கண்ணாடிக்கும் தொடர்பில்லை. இவற்றுள் எது நேர்ந்தாலும் அன்றே கண் மருத்துவரை அணுக வேண்டும்.