எங்கள் வீட்டு இசைத்தட்டுக்கள்

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவரைப் பார்த்து, “என்ன, கீறல் விழுந்த ரிக்கார்டு மாதிரி!” என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. ஆனால் கீறல் விழுந்த ரிக்கார்டு எப்படிப் பாடும் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மர அலமாரியில் நூற்றுக்கு மேற்பட்ட இசைத்தட்டுக்கள் இருப்பதால் அந்தப் பேறு எங்களுக்குக் கிட்டியது. கீறலில் தடுக்கிய ஊசி முந்தின சுற்றுக்கே திரும்பிவிடும். பாடகர் ஒரே சொல்லை விடாமல் பாடிக்கொண்டிருப்பார். யாராவது எழுந்து சென்று ஊசியை மெல்லத் தள்ளிவிட்டால்தான் அவருக்கு விடுதலை!

தோழியரே, ஒரு விடுகதை கேளுங்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் உண்டு? நூறு என்பீர்கள், ஆயிரம் என்பீர்கள். ஒன்றே ஒன்றுதான்! விளிம்பில் தொடங்கி, கொசுவர்த்திச் சுருள் போலச் சுற்றிச் சுற்றி நடுவே வந்து முடிகிறது அந்தக் கோடு. பாடியவரின் குரல் காற்றில் எழுப்பிய அதிர்வுகள் அதில் நுண்ணிய நெளிவுகளாகப் பதிந்துள்ளன. ஊசி அந்த நெளிவுகளில் ஓடும்போது தானும் அதிர்கிறது, அதுவே ஒலியாகிறது. பழைய கிராமபோன் பெட்டிக்கு மின்சாரம்கூட வேண்டாம். கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் போதும், குழாய் வழியே பாட்டு வரும்.

எங்கள் தட்டுக்களில் இரண்டு சாதி உண்டு. கொள்ளுத்தாத்தா வாங்கியவை கனமான கறுப்புத் தட்டுக்கள்; நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. அவை எதனால் ஆனவை தெரியுமா? அரக்கினால்! பாரதக் கதையில் பாண்டவரைக் கொல்லக் கட்டிய மாளிகையின் அதே அரக்குத்தான். சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது அது. உலகின் பாட்டையெல்லாம் சுமந்தது நம் நாட்டுப் பூச்சி என்றால் வியப்பாக இல்லையா? இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதிய தட்டு என்ற நிலை ஏற்பட்டது. அப்படி எத்தனை குரல்கள் அரைபட்டுப் போயினவோ!

தாத்தா வாங்கியவை வினைல் தட்டுக்கள். அவர் இங்குள்ள ஏ.எஃப்.டி. ஆலையில் வேலை பார்த்தவர். (அந்த ஆலை 2020-இல் மூடப்பட்டது.) போனஸ் வந்த மாதம் பாட்டிக்குப் புடவை, தமக்கு ஒரு தட்டு என்பது அவர் கணக்கு. பாட்டியிடம் கேட்டால் கணக்கு வேறு விதமாக இருக்கும்! 1948-இல் அமெரிக்காவில் வெளிவந்த நீள்தட்டு 33⅓ சுற்றில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாடும். பழைய தட்டோ மூன்று நிமிடம் சொச்சந்தான். சபையில் ஒரு மணி நேரம் ராகம் பாடும் வித்துவான்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் ஆலாபனை, பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். எங்களுக்கு அந்தச் சிக்கனமே பிடித்திருக்கிறது.

விந்தைகளுக்கும் குறைவில்லை. 45 சுற்றுத் தட்டை 33-இல் ஓடவிட்டால் பி. சுசீலா அம்மாவின் குரல் ஆண் குரலாகிவிடும். இந்த விளையாட்டுக்காக நாங்கள் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. சிவாஜி கணேசன் படங்களின் வசனத் தட்டுக்களும் இருக்கின்றன. வீட்டில் தொலைக்காட்சி இல்லாத நாளில் படத்தைக் காதால் பார்த்தார்களாம்! பாட்டி இன்றும் அந்த வசனங்களை ஒரு வரி முன்னதாகவே சொல்லிவிடுவார். மேலை நாடுகளில் 78 சுற்றுத் தட்டு மறைந்த பிறகும், மின்சாரமில்லாத வீடுகள் நிறைய இருந்த நம் நாட்டில் அது நீடித்தது. அதனால் 1960-களில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுக்கூட இந்தியாவில் 78 சுற்றில் அச்சானது. அந்தத் தட்டுக்களை இன்று வெளிநாட்டார் தேடி அலைகிறார்கள். எங்கள் அலமாரியில் ஒன்றுமில்லை. பலமுறை துழாவிப் பார்த்தாயிற்று.

1902-இல் கல்கத்தாவில் பாடிப் பதிந்த கௌஹர் ஜான் என்னும் அம்மையார், பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பெருமைக்காக அல்ல. அப்போது தட்டுக்கள் ஜெர்மனியில் ஹனோவர் நகரில் அச்சாயின. அங்குள்ளவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டுமே!

இனித் தட்டுக்களைப் பேணும் முறை. படுக்கவைத்து அடுக்கக் கூடாது. புத்தகம் போல் நிறுத்திவைக்க வேண்டும். வெயில் பட்டால் வினைல் அப்பளம் போல் வளைந்துவிடும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அது கரைந்தே போகும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தில் அட்டை உறைகள் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து நிழலில் உலர்த்துவோம்.

இத்தனை செய்தும் ஒரு தொல்லை தீரவில்லை. ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் கோடு சிறிது தேய்கிறது. எங்களிடம் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டு ஒன்று உண்டு. நாடக மேடையை ஆண்ட அவர் 1933-இல், இருபத்தேழு வயதிலேயே காலமானார். திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் துணைவியார் கே. பி. சுந்தராம்பாளின் குரலைத் திரையிலும் கேட்கலாம். கிட்டப்பாவின் குரலோ இசைத்தட்டுக்களில் மட்டுமே தங்கியது. இன்று கைபேசியில் அவர் பாட்டு வருகிறதென்றால், அது யாரோ ஒருவர் உடையாமல் காத்த தட்டிலிருந்து எடுத்ததே. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் போன்றவர்கள் பல்லாயிரம் தட்டுக்களைத் தேடிச் சேர்த்திராவிட்டால், எத்தனையோ குரல்கள் பழைய சாமான் கடையோடு போயிருக்கும்.

எங்கள் தட்டின் விளிம்பில் மயிரிழை போல் ஒரு விரிசல். சுழலும்போது சுற்றுக்கொரு முறை ‘டிக்’ என்கிறது. கணினியில் ஒரு முறை பதிவு செய்துவிட்டு இனித் தட்டைத் தொடவே கூடாது என்கிறார் அப்பா. பாடாத தட்டை எதற்கு வைத்திருப்பது என்று கேட்கிறார் பாட்டி. கணினிப் பதிவு சென்ற கோடை விடுமுறையில் முடிந்தது. ‘டிக்’ ஒலியை நீக்கவில்லை. தீபாவளியன்று மட்டும் ஒரு முறை, அதுவும் புது ஊசி போட்டு, என்று இப்போதைக்கு உடன்பாடு. பொங்கலுக்கும் வேண்டும் என்று பாட்டி விண்ணப்பம் போட்டிருக்கிறார்.